கறிச்சட்டியை இறக்கிய பிறகு

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. 93 டிகிரியைத் தொட்டதுமே பானையில் குமிழி கிளம்பிவிடுகிறது. பார்வைக்குக் கொதிக்கிற தண்ணீர்தான். ஆனால் மேட்டுப்பாளையத்தில் கொதிக்கிற தண்ணீரின் சூடு அதற்கு இல்லை. அதனால் துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால் மசிவதற்குள் பொறுமை போய்விடும். கொண்டைக்கடலை குக்கர் இல்லாமல் அசைந்து கொடுக்காது. மார்கழி, தையில் தோசைமாவு புளிக்காது, தயிர் உறையாது. சமவெளியில் ஒரே இரவில் முளைவிடும் பச்சைப்பயறு இங்கே இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும்.

நீலகிரியில் கறி மீனை விட்டுச் சைவத்துக்கு மாறுகிற குடும்பம் முதலில் மோதிக்கொள்வது இந்தக் குளிரோடும் உயரத்தோடும்தான். நாக்கின் ஏக்கம் பிறகு வருகிறது. கறிக்குழம்பு கொதித்த அடுப்பில் இனி பயறும் பருப்பும் தயிரும்தான் உடலைத் தாங்க வேண்டும். அவையோ இந்த மலையில் முரண்டு பிடிக்கின்றன. உடனே கைக்கு எளிதான வழிக்குப் போகிறார்கள்: வெள்ளைச் சோறு, தண்ணீரான ரசம், உருளைக்கிழங்கு வறுவல், இடையிடையே டீ. மூன்று மாதம் போனதும், ‘சைவம் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பில் தெம்பே இல்லை’ என்கிறார்கள்.

ஒத்துக்கொள்ளாமல் போனது சைவம் அல்ல. கறி இருந்த இடம் காலியாகவே கிடக்கிறது, அதுதான் கோளாறு. இதைச் சொல்ல நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. இந்தியர்களின் சாப்பாட்டுத் தட்டை அறிவியல் முறையில் அளந்து பார்த்தது இந்த மலையில், குன்னூரில்.

மாறுகிறவர்கள் யார்?

தமிழ்நாடு அசைவ மாநிலம். 2014-ல் மாதிரிப் பதிவு முறையின் கீழ் எடுத்த கணக்கில், 15 வயதுக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு மக்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்களாகப் பதிவானார்கள். ஆனாலும் சைவத்துக்கு மாறிப் பார்க்காத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது கடினம். புரட்டாசி வந்தால் கறிக்கடை வெறிச்சோடுகிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் 41 நாள் வீட்டையே சைவமாக்கிவிடுகிறார். தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்களும் அப்படித்தான். நீலகிரியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர்கள் வெள்ளை உடுத்தி, உணவைக் கட்டுப்படுத்துகிறார்கள். தற்காலிகச் சைவம் நமக்குப் பழக்கமான பாதை.

நிரந்தரமாக மாறுகிறவர்களின் காரணங்கள் பலவகை. இதய மருத்துவர் சொன்னதால் மாறியவர் உண்டு. வள்ளலாரின் ஜீவகாருண்யத்தைப் பற்றிக்கொண்டவர் உண்டு. வீட்டில் வளர்த்த ஆட்டுக்குட்டியை அறுக்கக் கண்ட பிறகு சாப்பிட மறுத்த பிள்ளைக்காக வீடே மாறுவதும் உண்டு. காரணம் எதுவானாலும் மதிக்கத்தக்கதே. ஆனால் வயிறும் ரத்தமும் காரணத்தைக் கேட்பதில்லை, தட்டில் என்ன விழுகிறது என்பதை மட்டுமே கணக்கெடுக்கின்றன. 41 நாளில் தெரியாத குறை 4 வருடத்தில் தெரியும். விரதச் சைவத்தின் பழக்கத்தையே வாழ்நாள் சைவத்துக்கும் நீட்டினால் போதும் என்று நினைப்பதுதான் பலரும் செய்கிற தவறு.

சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு அறை

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போகிற சுற்றுலாப் பயணிகள், பக்கத்திலேயே நிற்கும் பாஸ்டர் நிறுவனத்தை ஒரு பழைய வெள்ளைக்காரக் கட்டடம் என்ற அளவில் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்க 1907-ல் தொடங்கிய நிறுவனம் அது. 1918-ல் அங்கே ஒரே ஒரு அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள், ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவருக்கு. அயர்லாந்தில் பிறந்தவர், அதற்கு முன் கில்கிட் மலைப்பகுதியில் கழுத்துக்கழலை நோயை ஆராய்ந்தவர். குன்னூரில் அவருக்குக் கொடுத்த வேலை, பெரிபெரி நோய் எதனால் வருகிறது என்று பார்ப்பது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய் அது. தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களை வாரிக்கொண்டு போனது.

அந்த ஓர் அறை வளர்ந்து 1928-ல் முழு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமானது. மெக்கரிசன் அதன் முதல் இயக்குநர். அவர் கையாண்ட முறை யாருக்கும் புரியும் அளவுக்கு எளிமையானது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுவதை அப்படியே சமைத்து வெள்ளெலிகளுக்குப் போட்டார். சீக்கியர் உணவு ஒரு கூட்டத்துக்கு, பட்டாணியர் உணவு இன்னொன்றுக்கு. மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராசி என்று ஏழு கூட்டங்கள், கூட்டத்துக்கு 20 எலிகள். ஒரே வயது, ஒரே கூண்டு, ஒரே பராமரிப்பு. தட்டு மட்டும் வேறு.

முடிவைப் படிக்கும் தமிழருக்கு மனம் சுருங்கும். சீக்கியர் உணவு தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம், மதராசி உணவு தின்றவை 155 கிராம். ஏழில் கடைசி இடம் நம்முடையது.

அந்தத் தட்டுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதலிடம் பிடித்த தட்டில் இருந்தவை: அன்றே அரைத்த முழுக்கோதுமை மாவில் சுட்டு வெண்ணெய் தடவிய சப்பாத்தி, முளைகட்டிய கடலை, பச்சைக் காரட், முட்டைக்கோசு, பால், தண்ணீர். எலும்போடு சேர்த்துக் கறி உண்டு, ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை, சிறு துண்டு. கடைசியாக வந்த தட்டின் நடுவே தீட்டிக் கழுவிய வெள்ளை அரிசி குவிந்திருந்தது. பால் அதில் பேருக்குத்தான். வெற்றி பெற்ற தட்டுக்கும் தோற்ற தட்டுக்கும் நடுவே நின்ற வேறுபாடு தானியத்தின் தவிட்டிலும் பாலின் அளவிலும் முளைப்பயறிலும் பச்சைக் காய்கறியிலும் இருந்தது. வாரம் ஒரு துண்டுக் கறி அந்த வேறுபாட்டில் பெரும் பங்கு வகித்திருக்க வாய்ப்பில்லை.

தன் கூடத்தில் இனப்பெருக்கத்துக்காக வைத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளுக்கு மெக்கரிசன் முதலிடம் பிடித்த அந்த உணவைத்தான் கொடுத்துவந்தார். இரண்டேகால் வருடம் அந்தக் கூட்டத்தில் நோய் இல்லை, வளர்ந்த எலிகளில் இயற்கைச் சாவு இல்லை, சில விபத்துகளைத் தவிரக் குட்டிச் சாவும் இல்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

இன்னொரு சோதனையும் செய்தார். இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் சாப்பாட்டை ஒரு எலிக் கூட்டத்துக்குக் கொடுத்தார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, வேகவைத்த முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும், ஜாம், டப்பாவில் அடைத்த கறி. அந்த எலிகள் சரியாக வளரவில்லை. பராமரிக்க வந்தவர்களைக் கடித்தன. 60-ம் நாளில் வலியவை மெலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. தட்டில் கறி இருந்தது, ஆனால் கறி அவற்றைக் காப்பாற்றவில்லை.

இன்றைக்கு நீலகிரி பஜாரில் சாயங்காலம் பார்த்தால், வர்க்கி, பன், சர்க்கரை தூக்கலான டீ என்று வயிற்றை நிரப்பிக்கொண்டு இரவுச் சாப்பாட்டைத் தட்டிக்கழிப்பவர்கள் எத்தனையோ பேர். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதில் பெருமைப்படலாம். ஆனால் அது பலகாரம். அது சாப்பாட்டின் இடத்தில் வந்து உட்கார்ந்தால், அன்று குன்னூர்க் கூண்டில் வைத்த ஏழைத் தட்டுக்கு நாம் வெகு அருகில் போய்விடுகிறோம்.

காந்திக்கு வந்த கஷ்டம்

சைவம் என்பதை உயிர்க் கொள்கையாகக் கொண்டவருக்கும் உடல் சோதனை வைத்தது. காந்தி பிறப்பால் சைவர். ஆனால் 1888-ல் லண்டனுக்குப் போய், அங்கே ஹென்றி சால்ட் எழுதிய புத்தகத்தைப் படித்த பிறகுதான் தானாகத் தேர்ந்துகொண்ட சைவரானதாக அவரே எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில், டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது 1912-ல் பாலையும் விட்டார். ஆறு வருடம் பழமும் கொட்டையுமாக ஓடியது. 1918-ல் கேடா மாவட்டத்தில் அலைந்தபோது கடும் வயிற்றுப்போக்கு கண்டது. எலும்பும் தோலுமாகி, இனிப் பிழைக்கமாட்டோம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். மருத்துவர்கள் பால் குடிக்கச் சொன்னார்கள். விரதத்தைக் காட்டி மறுத்தார். நீங்கள் விரதம் எடுத்தபோது பசுவும் எருமையும்தானே மனதில் இருந்தன, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபா கேட்டார். காந்தி இணங்கினார். கடைசிவரை ஆட்டுப்பாலோடு வாழ்ந்தார், கடைசிவரை அதற்காக வருந்தவும் செய்தார்.

அந்தக் காலத்தில் பாலில் என்ன இருக்கிறது என்று முழுதாக யாருக்கும் தெரியாது. பி12 என்ற வைட்டமினைப் பிரித்தெடுத்ததே 1948-ல்தான், காந்தி மறைந்த வருடத்தில். பச்சிலையிலும் பருப்பிலும் பழத்திலும் அது கிடையாது. விலங்கிலிருந்து வரும் உணவில்தான் இயற்கையாக இருக்கிறது. கறியை விட்டவருக்குப் பாலும் தயிரும் மோரும், சாப்பிடுகிறவரானால் முட்டையும்தான் அதற்கு வழி. பாலையும் விட்டவர் மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆகவேண்டும். இதில் கொள்கைக்கும் உடலுக்கும் சமரசம் கிடையாது.

1934 ஜனவரிக் கடைசியில் ஹரிஜன யாத்திரையின்போது காந்தி குன்னூருக்கு வந்து தங்கினார். அந்த வருடக் கடைசியில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கி, தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவைப் பொறுப்பில் அமர்த்தினார். சங்கம் ஊர் ஊராகச் சொன்னதில் ஒன்று, ஆலையில் தீட்டிய அரிசியை விட்டுக் கைக்குத்தல் அரிசிக்குத் திரும்புங்கள் என்பது. குன்னூர்க் கூண்டில் எலி சொன்னதையே வார்தா வேறு மொழியில் சொன்னது.

மலை ஏற்கெனவே வைத்திருந்த தட்டு

வெளியே தேட வேண்டியதில்லை. சைவத்தில் உடலை எப்படிக் காப்பது என்று நீலகிரியின் பழங்குடிகளும் பழைய ஊர்களும் நெடுங்காலமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளில் வாழ்க்கை எருமையைச் சுற்றியே நடந்தது. இறந்தவரின் சடங்கில் எருமையைப் பலியிட்டாலும் அதன் கறியை அவர்கள் உண்பதில்லை. அது கோத்தர்களுக்குப் போய்விடும். ஆண்டுக்கொரு சடங்கில் ஆண் கன்றின் இறைச்சியைத் தொட்டதாக, 1906-ல் வெளிவந்த தன் நூலில் மானிடவியலாளர் ரிவர்ஸ் குறித்திருக்கிறார். அந்த ஒன்றைத் தவிர, அவர்கள் உணவு பாலும் தயிரும் மோரும் நெய்யும்தான், கூடவே படகர்களிடமிருந்து வந்த தானியமும் காட்டுக் கீரையும். தோடர் எருமையின் பாலில் கொழுப்பு 8 சதவீதம் அளவுக்கு உண்டு. கறி இல்லாத அந்தக் குளிர்க்காட்டில் நெட்டையாக, திடகாத்திரமாக அந்த மக்கள் வாழ்ந்ததை வந்த வெள்ளைக்காரர்கள் பலரும் வியந்து எழுதினார்கள். எருமையும் மேய்ச்சல் நிலமும் குறைந்துபோன இன்றைக்கு அந்தத் தட்டிலும் ரேஷன் அரிசிதான் முன்னால் நிற்கிறது என்பது தனியே கவலைப்பட வேண்டிய கதை.

படகர் வீடுகளில் ஆட்டுக்கறி உண்டு. ஆனால் உடையார் போன்ற லிங்காயத்துக் குலத்தார் தலைமுறை தலைமுறையாகச் சைவர்கள். கறி உண்பவர்கள் வீட்டிலும் அன்றாடத் தட்டு ராகியும் சாமையும் அவரையும் கீரையும்தான். ‘அவரை உதக்க’ என்று அவர்கள் சொல்லும் அவரைக் குழம்பு ஒரு நாள் விருந்தாளிப் பண்டம் அல்ல. வீட்டின் முதுகெலும்பு. காய்ந்த அவரைக்கொட்டை 100 கிராமில் 20 கிராமுக்கும் மேல் புரதம் இருக்கிறது. ராகி 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, வேறெந்தத் தானியமும் இதற்குப் பக்கத்தில் வராது.

இந்த மலையின் புகழ்பெற்ற காய்கறிகளைப் பற்றியும் இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1820-களில் ஜான் சல்லிவன் கொண்டுவந்து நட்ட உருளைக்கிழங்கில் தொடங்கி, காரட், முட்டைக்கோசு, பீட்ரூட் என்று கேத்திப் பள்ளத்தாக்கு முழுக்க விளைகிறது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாகத் தென்னிந்தியா முழுக்கப் போகிறது. அருமையான காய்கள். ஆனால் அவற்றில் 100 கிராமுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம்தான் புரதம். கறி இருந்த இடத்தில் காரட் பொரியலை வைத்தால் நிறம் நிரம்பும், சத்து நிரம்பாது. அந்த இடம் அவரைக்கும் கடலைக்கும் பயறுக்கும் உரியது.

அடுப்படியில் செய்ய வேண்டியவை

கணக்கைப் பார்ப்போம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7 கிராம் கிடைக்கலாம். தண்ணீர்ச் சாம்பாரில் அதில் பாதிகூடத் தேறாது. ஆகவே காலையில் சுண்டலோ முளைப்பயறோ, மதியம் கெட்டிப் பருப்பு, இரவில் அவரையோ கடலையோ, இடையில் பாலும் தயிரும் என்று நாள் முழுக்கப் பரப்பினால்தான் கணக்கு நேராகும். மீல் மேக்கர் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சோயா உருண்டையில் காய்ந்த நிலையில் பாதி எடை புரதம். மென்றால் கறி போலிருக்கும் என்பதால் மாறிய புதிதில் பலருக்கு அதுதான் கைகொடுக்கிறது. சலிக்கும்வரை சாப்பிடட்டும், பிறகு அவரைக்கு வருவார்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் வயிறு உப்பும். பருப்பும் நாரும் திடீரென்று கூடும்போது குடலில் வாழும் நுண்ணுயிர்கள் பழகுவதற்கு நாள் எடுக்கும். இதற்குப் பயந்து பலர் பயறையே ஒதுக்கிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது வேறு. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். 10 மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். இஞ்சி, பூண்டு, பெருங்காயத்தை மறக்கக் கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குளிரில் தாகம் தெரியாது என்பதால் நினைத்து நினைத்துக் குடிக்க வேண்டும்.

ராஜ்மாவில் கூடுதல் கவனம் வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் நச்சுப்புரதம் சில மணி நேரத்திலேயே வாந்தியில் கொண்டுபோய் விடும். 93 டிகிரியில் கொதிக்கிற ஊரில் அதைக் குக்கரில்தான் வைக்க வேண்டும். விரலால் அழுத்தினால் மாவாக மசிய வேண்டும்.

தயிர் இல்லாமல் சைவம் நடக்காது. மலைவீட்டுப் பெண்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். பால் சமவெளியில் ஊற்றுவதைவிடச் சற்றுக் கூடுதல் சூடாக இருக்கும்போதே உறை ஊற்றுவார்கள், உறையின் அளவையும் கூட்டுவார்கள். பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் அரிசி நடுவே இறக்கிவைப்பார்கள். விறகடுப்பு உள்ள வீட்டில் அடுப்பை அணைத்த பிறகு அதன் ஓரமே போதும். பயறை முளைகட்டும்போதும் இதே வழி: ஈரத்துணியில் கட்டி, மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு அடுப்போரம். உறைபனி விழும் ஜனவரியில்கூட இப்படித் தயிர் உறைகிறது, பயறு முளைக்கிறது.

அரிசியை விட வேண்டாம். பச்சரிசிக்குப் பதில் புழுங்கலரிசி போதும். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பெரிபெரி ஆந்திரக் கடலோரத்தை வாட்டிய காலத்தில் புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகள் பெருமளவு தப்பியதற்கு அதுதான் காரணம். செறிவூட்டிய அரிசியில் இரும்பு, போலிக் அமிலம், பி12 மூன்றும் சேர்க்கப்படுகின்றன. நிறம் வேறுபட்டுத் தெரியும் மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று நினைத்துப் பொறுக்கி எறிந்துவிட வேண்டாம்.

கொழுந்து கிள்ளும் கைகள்

கூடலூர், கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் கருவாடுதான் ஏழைக்குக் கறி. இலங்கையிலிருந்து, 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி வந்து அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் மாசிக் கருவாடும் இன்றும் மணக்கின்றன. அந்த வீடுகளில் ஒருவர் சைவத்துக்கு மாறினால், சம்பலில் மாசி இல்லாததும் அடுத்த லைனிலிருந்து வரும் கருவாட்டு வாசனையும்தான் கடுமையான சோதனை. ஆட்டுக்கறியை மறப்பது அவர்களுக்கு எளிது, அது எப்போதோ ஒரு நாள் வருவது. இந்த ஏக்கம் பலவீனமல்ல. பல தலைமுறை நாக்கு அது. கறுப்பாக வறுத்து அரைத்த மிளகாய், சுட்ட கத்திரிக்காய், புளி, வெங்காயம் என்று காரமும் புகைமணமும் உள்ள சைவத் தொடுகறிகள் அந்த இடத்தைப் பெருமளவு நிரப்புகின்றன.

ஆனால் கொழுந்து கிள்ளும் பெண்களுக்கு நாக்கைவிடப் பெரிய பிரச்சினை ரத்தம். 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அசைவ மாநிலத்தின் கணக்கு இது. இந்த நிலையில் உள்ள ஒரு பெண் கறியையும் கருவாட்டையும் விட்டால், மாற்றாக எதுவும் வைக்காவிட்டால், குறை இன்னும் ஆழமாகும். கறியிலுள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை எடுக்க அதற்குத் துணை வேண்டும். வைட்டமின் சி அந்தத் துணை. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், எலுமிச்சை பிழிந்த கீரை, ஒரு கொய்யா, மலையில் வேலியோரம் காய்க்கும் தாட்பூட் பழம் எதுவும் உதவும்.

இந்த ரத்தக் கதையிலும் குன்னூருக்குப் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகை ரத்தசோகையை ஆராய 1928-ல் இந்தியா வந்தார். 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து மெக்கரிசனின் கூடத்தில் எலிகளை வைத்துச் சோதனை செய்தார். கடைசியில் அந்த நோயைக் குணப்படுத்தியது கறியோ விலையுயர்ந்த ஈரல் சாறோ இல்லை. ஈஸ்டிலிருந்து எடுத்த, ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற மலிவான கறுப்புப் பசை. 1931-ல் அதை வெளியிட்டார். அதிலிருந்த சத்து எது என்பது 1941-ல் தெரிந்தது. பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்ற பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்துப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுக்கும் மாத்திரையில் அது இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போலிக் அமிலம் மட்டும் நிறைந்து, பி12 குறைந்தால், ரத்தப் பரிசோதனையில் சோகை தெரியாது. நரம்பு உள்ளே சிதைந்துகொண்டிருக்கும். கைகால் விறுவிறுப்பு, நாக்குப் புண், தீராத சோர்வு, மறதி ஆகியவை அதன் அடையாளங்கள். ஈரலில் பி12 சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்கும் என்பதால் மாறிய புதிதில் ஒன்றும் தெரியாது. ஆகவே சைவத்துக்கு மாறியவர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஹீமோகுளோபினையும் பி12 அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் மருத்துவரிடம் கேட்காமல் மாறவே கூடாது.

ஒரு டம்ளர் டீ

மெக்கரிசன் 1935-ல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த வாலஸ் அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைக் குன்னூரிலிருந்து 1937-ல் வெளியிட்டார். ஒரு படி அரிசியில் என்ன இருக்கிறது, ஒரு கட்டுக் கீரையில் என்ன இருக்கிறது என்று இந்திய மருத்துவர்கள் பார்த்த முதல் கையேடு அது. 1958-ல் ஆராய்ச்சிக் கூடம் ஹைதராபாத்துக்கு மாறியது. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. குன்னூரில் பிறந்த அந்த நிறுவனம்தான் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு நாள் தட்டில் 250 கிராம் தானியம், கீரையும் காயும் சேர்த்து 400 கிராம், பருப்பு 85 கிராம், பால் 300 மில்லி, பழம் 100 கிராம், கொட்டைகள் 35 கிராம் என்று அது அளவு சொல்கிறது. மெக்கரிசனின் கூண்டில் வென்ற தட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும்.

அதே வழிகாட்டியில் நீலகிரி மக்கள் வெட்டி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு வரி இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி குடிக்க வேண்டாம் என்கிறது. டீயிலுள்ள துவர்ப்புச் சத்துகள் கீரை, பருப்பு இரும்பைப் பிடித்து இழுத்துக்கொள்கின்றன. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் டீ சேர்ந்தால் உடலுக்குள் போகிற இரும்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கறி உண்பவருக்கு இதனால் வரும் நஷ்டம் குறைவு. கீரையையும் பருப்பையுமே நம்பியிருக்கும் சைவருக்கு நஷ்டம் பெரிது.

டீயை விடச் சொல்லி இந்த மலையில் யாரும் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். சைவத்துக்கு மாறியவர்கள், மாற நினைப்பவர்கள், முக்கியமாகக் கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள், மதியச் சோற்றுத் தூக்கைத் திறந்த கையோடு பிளாஸ்கைத் திறக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.